பதினோரு நிமிடத்துக்கு முந்தைய சொட்டு

மொஞ்சியா ஏழு வாரமாக ஒரு வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. ‘சரி’ என்பதுதான் அது. சொல்ல வேண்டிய ஆள் ஷெட்லி, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருந்தவர். அந்த மனிதர் இப்போது பட்டறையை மூடிவிட்டு, லேத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு, வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக் கப்பலில் தன் சொந்தத் தீவான கெர்கெனாவுக்கே குடிபோகிறார். சொல்வதென்றால் அதற்குள் சொல்லியாக வேண்டும். இது தெரிந்தும் அவள் வியாழன் மத்தியானம் வரைக்கும் ஆய்வகத்தில் ஒரு குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால், அவள் எப்படிப்பட்டவள் என்று கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

வயது ஐம்பத்து மூன்று. துறைமுக நகரமான ஸ்ஃபாக்ஸில், தெனியூர் ரோடு ஐந்தாவது கிலோமீட்டரில் வீடு. முன்னால் நாலு பாதாம் மரம், பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, உள்ளே அவள் ஒருத்தி. எண்ணெய்ச் செக்கில் மேஸ்திரியாக இருந்த அப்பா போய் இருபது வருடம் ஆகிறது. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டாள். அம்மாவும் போய் இரண்டு வருடம். அக்கா நபீஹா கல்யாணமாகிக் கடல் கடந்து லியோனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவாள். பத்து நிமிடம் பேசினால் ஏழு நிமிடம் தன் முட்டி வலியைப் பற்றிப் பேசுவாள்.

ரொட்டிக் கடையில் பாதி ரொட்டி கேட்டால் கடைக்காரன் “பாதிதானா?” என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் தினமும் முழு ரொட்டி வாங்குவாள். பாதியைத் தின்பாள். மீதியைப் பையில் போட்டு வாசல் கம்பியில் மாட்டுவாள். ஆட்டுக்காரன் வந்து எடுத்துப் போவான். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் காய்ந்த ரொட்டிப் பை தொங்கும்தான். ஆனால் இவ்வளவு சீக்கிரம் நிறைகிற பை அவள் வீட்டுப் பைதான். மனிதர்கள் எப்படியோ, அந்த ஏரியா ஆடுகளுக்கு அவள் மேல் நல்ல மதிப்பு இருந்தது.

இருபது வயதில் ரசாயன டெக்னீஷியன் படிப்பை முடித்தாள். சோப்புத் தொழிற்சாலையில் காரத்தைச் சோதித்துப் பதினான்கு வருடம் கையைப் பொசுக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் வேலை. இப்போது பத்தொன்பதாவது வருடம். டாக்டர் வஜ்தி அந்த ஆய்வகத்துக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. எந்த அலமாரியில் எந்தச் சாவி என்பதுகூட இவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். நல்ல மனிதர், பொறுமை மட்டும் கிடையாது.

அவர்கள் செய்வது பாலிமர் போர்த்திய இரும்புத் துகள். ஒரு பாட்டிலில் இரும்பு உப்புக் கரைசல், இன்னொன்றில் காரம், மூன்றாவதில் பாலிமர் கரைசல். மூன்று பம்புகள் மூன்றையும் மெல்லிய குழாய்களில் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாய்கள் சந்திக்கும் இடத்தில் துளை போட்ட ஒரு டெஃப்லான் கட்டை இருக்கும். தெருக்கள் சேரும் இடத்தைச் சொல்வது போல அதை முக்கு என்பார்கள். முதல் முக்கில் இரும்பும் காரமும் மோதும். மோதிய இடத்திலேயே கண்ணுக்குத் தெரியாத கறுப்புத் துகள்கள் பிறக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதற்குள் இரண்டாவது முக்கில் பாலிமர் வந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை மாட்டிவிடும். அதன் பின் வெந்நீர்த் தொட்டியில் சுருண்டு கிடக்கும் நீளக் குழாயில் பதினோரு நிமிடப் பயணம். சட்டை இறுகுவது அங்கேதான். கடைசியில் கறுப்புச் சொட்டு ஒவ்வொன்றாக ஜாடியில் விழும். பாஸ்பேட் தாது கழுவிய தண்ணீரில் இந்தத் துகளைப் போட்டால் அதன் சட்டை அதிலுள்ள காட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு காந்தத்தைக் காட்டி இரண்டையும் சேர்த்து இழுத்துவிடலாம்.

இந்த வேலையில் கைத்திறன் என்பது பெரும்பாலும் கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பதுதான். ஏனென்றால் குழாய் வாயில் இப்போது விழுகிற சொட்டு இப்போதைய சொட்டு இல்லை. பதினோரு நிமிடத்துக்கு முன்னால் பாலிமரைச் சந்தித்த சொட்டு. இப்போது திருகியதன் பலனைப் பார்க்கப் பதினோரு நிமிடம் பொறுக்க வேண்டும். நம்ப வேண்டுமானால் குழாய் மூன்று முறை நிறைந்து காலியாக வேண்டும். அதுவரை வருவதையெல்லாம் கழிவு டப்பாவில் கொட்டுவார்கள். நல்லதாக இருந்தாலும் கொட்டுவார்கள். தொடக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம், மொஞ்சியாவுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது.

ஷெட்லி வந்து சேர்ந்தது முக்குக்காகத்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த முக்கு நாலு வருடத்துக்கு முன் விரிசல் விட்டது. புதிது வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். யாரோ சொல்லி, பையில் நாலு அரத்தோடும் சட்டைப் பையில் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடும் அவர் வந்தார். மனைவியை இழந்தவர், ஐம்பத்தேழு வயது, பெரிய தோள். உடைந்த கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்குள்ள என்ன லெல்லா ஓடுது?” அங்கே மரியாதைக்குப் பெண்களை லெல்லா என்றும் ஆண்களை சி என்றும் கூப்பிடுவார்கள்.

“இரும்பு.”

“இரும்ப இவ்வளவு சின்ன ஓட்டையிலயா விடுவீங்க? பாவம் இரும்பு.”

இரண்டே நாளில் செய்துகொண்டு வந்தார். ஒரு சொட்டுக் கசியவில்லை. அன்றிலிருந்து எது அடைத்தாலும் எது கசிந்தாலும் ஷெட்லிதான். முதல் வருடம் குழாய் மூன்று முறை அடைத்தது. இரண்டாம் வருடம் ஒன்பது முறை அடைத்தது. அத்தனையும் நிஜமான அடைப்புதானா என்று கேட்டால் டாக்டர் வஜ்திக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். ஷெட்லி ஸ்டூலில் உட்கார்ந்து விதையைக் கொறித்து, தொலியைக் காகிதக் கூம்பில் துப்பிக்கொண்டே பேசுவார். அவள் சிரிப்பாள். அந்தக் கட்டடத்தில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்பது அந்த நாட்களில் மட்டும்தான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், பம்பின் ரப்பர் வளையத்தை மாற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் அவர் சொன்னார்:

“லெல்லா மொஞ்சியா, எனக்கு இந்த ஊர் சலிச்சுப் போச்சு. பசங்க ரெண்டு பேரும் கடலுக்கு அந்தப் பக்கம், பலெர்மோவுல. தீவுல வீட்டுக்குக் கூரை போட்டு முடிச்சுட்டேன். படகு எஞ்சின் வேல பாத்தே காலத்த ஓட்டிரலாம்.” கொஞ்ச நேரம் வளையத்தையே அழுத்திக்கொண்டிருந்தார். “நீங்களும் வரலாம்ல?”

மொஞ்சியாவுக்கு ‘சரி’ என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வாய் வேறு பாட்டைப் பாடியது.

“நான் அங்க வந்து என்ன பண்றது சி ஷெட்லி? ஆக்டோபஸ் காயப் போடவா? உங்க ஊர்ல ஆக்டோபஸுக்கு இருக்கற சுறுசுறுப்புகூட ஆம்பளைங்களுக்குக் கெடையாதாமே!”

அவரும் சிரித்தார். ஸ்ஃபாக்ஸ்காரர்கள் தீவுக்காரர்களைச் சோம்பேறி என்பதும், தீவுக்காரர்கள் ஸ்ஃபாக்ஸ்காரர்களைக் கஞ்சன் என்பதும் அங்கே சலாம் சொல்வது மாதிரி. வளையத்தை மாட்டிவிட்டு, விதைத் தொலிக் கூம்பை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு அவர் போனார்.

அவளிடம் கேட்டால் அவள் செய்தது தப்பே இல்லை. அவள் வீட்டில் முதல் தடவை கேட்டதும் யாரும் சரி என்று சொன்னது கிடையாது. அக்கா நபீஹாவைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் தடவை அப்பா அந்த வருட ஒலிவ விளைச்சலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசி அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை அம்மாவுக்குத் தலைவலி. மூன்றாம் தடவை, “பெண் சின்னவள்.” நாலாம் தடவைதான் சம்மதம் என்று சர்பத் கொடுத்தார்கள். வேண்டும் என்கிறவன் திரும்பி வருவான், அடுத்த தடவை தன் அக்காவையோ தங்கையையோ அழைத்துக்கொண்டு முறையாக வருவான் என்பது அந்த வீட்டுச் சட்டம். அதற்கு மேல் தொழில் கற்றுக்கொடுத்த புத்தி வேறு. தொடக்கத்தில் வருவதைக் கொட்டிவிடு, நிலைக்கட்டும், அப்புறம் ஜாடியை வை.

எனவே காத்திருந்தாள். முதல் வாரம் புதிதாக ஒரு கோட் வாங்கினாள், தீவில் காற்று அதிகம் என்று. இரண்டாவது வாரம் கப்பல் நேர அட்டவணையைப் போனில் படம்பிடித்து வைத்துக்கொண்டாள். நாலாவது வாரம், தீவில் நல்ல மருந்துக் கடை இருக்கிறதா என்று பக்கத்துத் துறையில் வேலை செய்யும் தீவுக்காரியிடம் சும்மா கேட்பது போலக் கேட்டாள். அவர் வருவார் என்பதில் சந்தேகமே இல்லாமல் இருந்தாள். ஐந்தாவது வாரம் சந்தேகம் வந்தது. ஆனால் நடுவில் கை வைத்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனுஷி இத்தனை வருடம் குழாயோடு குடித்தனம் பண்ணினால் இப்படித்தான் ஆகும்.

நவம்பரில் பெரிய ஓட்டம் ஒன்றுக்கு நாள் குறித்தார் டாக்டர். மூன்று நாள், இடைவிடாமல். திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி வியாழன் ஆறு மணிக்கு முடிய வேண்டும். முழுக்க ஒரே தரத்தில் துகள் வந்துவிட்டால், பெரிய கருவி கட்டுவதற்கு ஒப்புதல் கிடைக்கும். அதற்குப் புது முக்கு வேண்டும் என்று ஷெட்லியிடம் சொன்னார்கள். திங்கள் காலையில் கொண்டுவருவதாகச் சொன்னார்.

திங்கள் அன்று மொஞ்சியா ஸ்டூலைத் துடைத்து வைத்தாள், காதில் அம்மாவின் பவளத் தோட்டைப் போட்டுக்கொண்டாள். அவர் வந்த நேரம் பார்த்து அக்கா போனில் கூப்பிட்டாள். முட்டி வலி. ஒரு விரலைத் தூக்கி ‘இருங்க’ என்று காட்டிவிட்டு அவள் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துத் திரும்பினால் மனிதர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரவில்லை. விதைப் பொட்டலம் இல்லை. முக்கை மேஜைமேல் வைத்தார்.

“இத என் அன்பளிப்பா வெச்சுக்குங்க லெல்லா. பட்டறைய மூடிட்டேன். வியாழக்கெழம அஞ்சு மணிக் கப்பல்.”

“அவ்வளவு சீக்கிரமா?”

“ம்.”

அவர் வாயைத் திறந்து மூடினார். கையால் தாடையைத் தடவிக்கொண்டார். அப்புறம் போய்விட்டார்.

மொஞ்சியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன கோபம்? யோசித்து யோசித்து அந்த ஒற்றை விரலில் வந்து நின்றாள். வந்த மனிதரைக் காக்க வைத்துவிட்டோம், மரியாதை இல்லாமல் விரலைக் காட்டிவிட்டோம், அதுதான். செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்பினாள்: ‘நேற்று போனில் இருந்தேன், மன்னிக்கணும்.’ பதில் வந்தது: ‘பரவாயில்ல லெல்லா.’ இது போதவில்லை என்று பட்டது. புதன்கிழமை போன் செய்து, கிளம்பும் முன் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாமே என்று கூப்பிட்டாள். “நேரம் இருக்குமான்னு தெரியல,” என்றார். குரலில் ஒரு தயக்கம். அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு பெண் என்ன செய்ய முடியும் என்று பம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டம் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. அவளும் டாக்டரும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வியாழன் மூன்று மணிக்கு அவள் பாலிமர் பாட்டிலை மாற்றிவிட்டு, காலி ஜாடிகளைக் கழுவ வராந்தா தொட்டிக்குப் போனாள். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

“லெல்லா! ஓடி வாங்க! கெட்டுப் போச்சு!”

ஓடினாள். டாக்டர் வஜ்தி பாலிமர் பம்பின் திருகைப் பிடித்தபடி நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. குழாய் வாயில் சொட்டு பாகு மாதிரி இழுத்துக்கொண்டு விழுந்தது. அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன பண்ணீங்க டாக்டர்?”

“சொட்டு திப்பி திப்பியா வந்துச்சு. பாலிமர் பத்தலன்னு கொஞ்சம் கூட்டினேன். மாறல. இன்னும் கூட்டினேன். அப்பவும் மாறல. அதனால…”

“அதனால இன்னும் கூட்டினீங்க.”

“ஆமா.”

“கைய எடுங்க.”

எடுத்தார். மொஞ்சியா திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். ஜாடியை நகர்த்திக் கழிவு டப்பாவை வைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“நான் மூணு மணிக்குப் பாட்டில் மாத்தினேன். அப்ப ஒரு காத்துக் குமிழி உள்ள போயிருக்கும். அந்த எடத்துல மட்டும் பாலிமர் கொறஞ்சுது. நீங்க பாத்த திப்பி அதுதான். அது பாட்டுக்குப் போயிருக்கும். நீங்க பாத்தது அப்ப நடந்ததில்ல டாக்டர், பதினோரு நிமிஷத்துக்கு முன்னாடி நடந்தது. பழசப் பாத்துட்டு இப்ப நடக்கறதா நெனச்சுத் திருகினா இப்படித்தான் ஆகும். நீங்க திருகினதுக்கும் நீங்க பாத்ததுக்கும் சம்பந்தமே இல்ல!”

“தெரியும், லெல்லா. பாடமே எடுக்கறேன். ஆனா கண்ணால பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“மடியில வெச்சுக்குங்க.”

இருவரும் உட்கார்ந்தார்கள். இன்னும் முப்பத்து மூன்று நிமிடம். அழுத்தமானி முள் மெல்ல இறங்கியது. பாகு நீர்த்தது. மொஞ்சியா சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் போல ஆனதும், அவள் டாக்டரைப் பார்த்துக் கத்திய அதே வாக்கியம் அவளுக்கே திரும்பக் கேட்டது. நீங்க திருகினதுக்கும் நீங்க பாத்ததுக்கும் சம்பந்தமே இல்ல.

திங்கட்கிழமை அவர் நின்றுகொண்டே இருந்தது திங்கட்கிழமையின் கோபம் இல்லை. விரலும் இல்லை, போனும் இல்லை. அது செப்டம்பரிலிருந்து வந்த மௌனம். ஒரு மனிதர் தலையை நிமிர்த்தக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார். இவள் ஆக்டோபஸ் என்று சொல்லிச் சிரித்தாள். அது ஏழு வாரம் அவருக்குள்ளே ஊர்ந்து வந்து திங்கட்கிழமை வெளியே சொட்டியிருக்கிறது. இவளோ மன்னிப்புச் செய்தி அனுப்பிக்கொண்டும் டீக்குக் கூப்பிட்டுக்கொண்டும் சம்பந்தமில்லாத திருகைத் திருகிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருட அனுபவம், புதிதாக வந்த மாணவன் செய்கிற தப்பு.

மூன்று ஐம்பத்தைந்துக்குச் சொட்டு மறுபடி சுத்தக் கறுப்பானது. ஜாடியை எடுத்து வைத்தாள். எழுந்து கோட்டை மாட்டினாள்.

“எங்க லெல்லா?”

“துறைமுகத்துக்கு.”

“இப்பவா? ஆறு மணிக்குத்தானே முடியுது! ஏதாவது ஆச்சுன்னா?”

“எதையும் தொடாதீங்க. அவ்வளவுதான் வேல.”

ஓட்டம் முடியும் முன் அவள் அந்த அறையை விட்டுக் கிளம்பியது பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. ரோட்டில் ஒலிவ மூட்டை லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஊர் முழுக்கச் செக்கு வாசனை. டாக்ஸிக்காரன் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு திட்டு திட்டினான்.

“லெல்லா, கப்பல் போனா ஏழு மணிக்கு இன்னொண்ணு இருக்கு. எதுக்கு இப்படி சீட்டு நுனியில உக்காந்திருக்கீங்க?”

“எனக்கு அஞ்சு மணிதான் வேணும் தம்பி. ஓட்டு.”

நாலு முப்பத்தைந்துக்கு இறங்கினாள். கப்பலின் வாய் திறந்திருந்தது, வண்டிகள் ஏறத் தொடங்கவில்லை. வரிசையில் ஆறாவதாக நின்ற லாரியின்மேல் தார்பாய் போர்த்திய லேத். பக்கத்தில் ஷெட்லி, புதுச் சட்டை போட்டு, முகம் மழித்து நின்றார். அவளைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“லெல்லா! மெஷினுக்கு என்ன ஆச்சு? அடச்சிருச்சா?”

“இல்ல சி ஷெட்லி. மெஷின் நல்லாத்தான் ஓடுது.” மூச்சு வாங்கியது. மூச்சு நின்றால் தைரியமும் நின்றுவிடும் என்று அப்படியே சொன்னாள். “அன்னிக்கு நீங்க கேட்டீங்கல்ல. நான் சிரிச்சேன்ல. அது வேணாம்னு சிரிச்சதில்ல. சரின்னு சொல்ல வந்தேன். இப்பச் சொல்றேன். சரி.”

ஷெட்லி அவளையே பார்த்தார். பிறகு லாரிச் சக்கரத்தைப் பார்த்தார்.

“இப்ப வந்து சொல்றீங்களே லெல்லா.”

“எங்க வீட்ல மொத தடவ கேட்டா யாரும் சரின்னு சொல்றதில்ல. இன்னொரு தடவ கேப்பீங்கன்னு இருந்தேன்.”

“இன்னொரு தடவ கேக்கணும்னு எனக்கு யாரு சொன்னா?” குரலை அவர் உயர்த்தவில்லை. “நான் தீவுக்காரன். எங்க ஊர்ல ஒரு தடவ கேப்போம். சிரிச்சா, புரிஞ்சுக்குவோம். அஞ்சு வாரம் பாத்தேன் லெல்லா. குழாய் அடச்சுருச்சுன்னு ஒரு போன் வராதான்னு பாத்தேன். எப்பவும் அடைக்கற குழா, அந்த அஞ்சு வாரமும் அடைக்கவே இல்ல.”

அது நிஜம். அவர் தானாக வரட்டும் என்று அவள்தான் கூப்பிடாமல் இருந்தாள்.

“அப்புறம்?”

“அப்புறம் என் அக்கா ஒரு எடம் சொன்னா. தீவுலயே, ரெம்லாவுல. புருஷன் கடல்ல மூழ்கிப் போயிட்டான், ஒரு பொண்ணு இருக்கு. போன வெள்ளிக்கெழம எல்லாரும் உக்காந்து ஃபாத்திஹா ஓதிட்டோம்.”

ஃபாத்திஹா ஓதியாகிவிட்டது என்றால் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அதற்கு மேல் பேச்சில்லை. ரெண்டு வீட்டு ஆண்களும் கையை ஏந்தி ஓதி, முகத்தைத் தடவிக்கொண்ட பிறகு, அதை மாற்றுகிறவன் எந்தத் தெருவிலும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஷெட்லி மாற்றுகிற ஆளும் இல்லை. அப்படி மாற்றுகிற ஆளாக இருந்தால் மொஞ்சியா அவருக்காகக் கோட் வாங்கியிருக்கவும் மாட்டாள்.

“திங்கட்கெழம அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க தோடெல்லாம் போட்டுருந்தீங்க. வாய் வரல,” என்றார்.

மொஞ்சியாவுக்கு அழுகை வந்தது. அத்தனை டிரைவர்களுக்கு முன்னால் அழக் கூடாது என்று கடலைப் பார்த்தாள். முன்னால் ஒரு காய்கறி வண்டி கிளம்பிக் கப்பலுக்குள் ஏறியது.

“மப்ரூக், சி ஷெட்லி. நல்லா இருங்க,” என்று வாழ்த்தினாள்.

“அல்லா ஒங்களுக்கும் நல்லது செய்வான்.” லாரிக் கதவைத் திறந்தவர் நின்றார். வேறு எதையும் கேட்க முடியாத மனிதன் கேட்கிற கேள்வியைக் கேட்டார். “முக்கு கசியலயே?”

“ஒரு சொட்டுகூடக் கசியல.”

தலையை ஆட்டிவிட்டு ஏறினார். லாரி நகர்ந்தது. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கப்பல் வாயை மூடிக்கொண்டு கிளம்பியது. போய் மறைகிற வரை அவள் நின்றாள் என்று சொன்னால் அழகாக இருக்கும், அவள் நிற்கவில்லை. குளிர் அடித்தது. ஒரு டாக்ஸி காலியாக வந்தது, ஏறிக்கொண்டாள்.

ஆய்வகத்துக்கு வந்தபோது மணி ஆறு அடிக்கப் பத்து நிமிடம். டாக்டர் வஜ்தி ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதப்போகிறவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

“தொடவே இல்ல லெல்லா! ரெண்டு மணி நேரம்! பாருங்க, பாருங்க!” ஒரு ஜாடியை எடுத்து அதன் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தார். கறுப்பு முழுக்க ஒரு மேகமாக, கட்டியோ திப்பியோ இல்லாமல், காந்தத்தின் பக்கம் நகர்ந்தது. மிச்சத் தண்ணீர் தெளிந்தது. “மொத ஜாடியும் இதுவும் ஒரே மாதிரி. நீங்க இல்லாமலே ஓடிருச்சு!”

“ஓடும் டாக்டர். நல்லா வந்திருக்கு,” என்றாள். உண்மையாகவே நன்றாக வந்திருந்தது.

ஆறு மணிக்குப் பம்புகளை நிறுத்தினார்கள். மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் அறை திடீரென்று பெரிதானது போல இருந்தது. மொஞ்சியா குழாய்களுக்குள் சுத்தத் தண்ணீரை விட்டாள். டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு, பையைத் தேடிக்கொண்டு, யாருக்கோ ‘கிளம்பிட்டேன், சாப்பாடு எடுத்து வை’ என்று போனில் சொல்லிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பினார்.

“அடுத்த மாசம் பத்து நாள் ஓட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். எனக்கு வீட்ல திட்டு விழும். உங்களுக்கென்ன லெல்லா, வீட்ல யாரு காத்துக்கிட்டிருக்கா?”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வேறு நாளாக இருந்தால் மொஞ்சியா அக்கா போன் பண்ணுவாள் என்றோ, பாதாம் மரத்துக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றோ எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். தண்ணீர்க் குழாயை மூடாமலே திரும்பிப் பார்த்தாள்.

“யாரும் இல்ல டாக்டர்,” என்றாள். “எனக்குன்னு காத்துக்கிட்டிருக்க யாருமே இல்ல.”

டாக்டர் வஜ்தி கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அங்கேயே நின்றார்.